மூன்றாவது சரணம்

சோற்றுப் பைக்குள் ரெக்கார்டர்.
ஆற்காடு, எண்பத்தொன்பது, பங்குனி.
எத்திராஜ் கிதாரைச் சுருதி சேர்க்குமுன்
டிபன் பாக்ஸில் ஒரு ஸ்பூன் உருளும்.
அது நான்.
என் பிரதி எது என்று
இன்றைக்கும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள்.

நூற்றுப் பன்னிரண்டு இரவுகள் இருக்கின்றன என்னிடம்.
பீரோவில் புடவைக்கு இடமில்லை.

பேரணாம்பட்டுத் தோல் மண்டியில் கணக்கெழுதும் நயாஸ்
பேரம் பேசுவான்:
"கரண்ட் போன குடியாத்தம் வேணும்னா
சோளிங்கர், வாலாஜா ரெண்டும் குடுத்துடணும் டெய்சிக்கா."
கொடுத்தேன்.
அந்தக் கேசட்டில் முக்கால்வாசி நேரம்
யாரோ ஒருவர் பக்கத்து ஆளிடம்
மருமகன் சீட்டுப் பணம் தின்ற கதையைச் சொல்கிறார்.
மைக் செத்த இருட்டில், வெகு தொலைவில்
பம்பை. அப்புறம் அதுவும் ஓய்ந்து
வெறுங்குரல்.
மருமகன் கதை பாதியில் நிற்கிறது.
அந்த நிற்றலுக்காக
இன்னும் மூன்று கேசட் கொடுப்பேன்.

பகலில் எனக்கு வேலை, காது.
ஆஸ்பத்திரியில், சத்தம் நுழையாத அறையில்
ஆட்களை உட்காரவைத்து
'கேட்டா கை தூக்குங்க' என்பேன்.
கேட்காத சத்தத்துக்கும் சிலர் தூக்குவார்கள்
என் முகத்தைப் பார்த்துவிட்டு.
ஒரு மதியம் யாரும் இல்லாதபோது நானே போய் உட்கார்ந்தேன்.
இடது காதில், நாலாயிரத்துக்கு மேல், பள்ளம்.
ஸ்பீக்கர் பக்கம் நின்ற காது.
வரைபடத்தை மடித்து
ஆம்பூர் கேசட் உறைக்குள் வைத்திருக்கிறேன்.

பம்பைக்கார வீட்டுப் பிள்ளை அவர்.
மிஷன் பள்ளியில் யாரோ விட்டுப்போன கிதாரில்
நாலு தந்திதான் இருந்ததாம்.
மேடையில் இதை ஒவ்வொரு ஊரிலும் சொல்வார்,
ஒவ்வொரு ஊரிலும் தந்தி எண்ணிக்கை மாறும்.
பாட்டு மட்டும் மாறாது:
'ஆத்து மணலே, ஆரு சொமந்தா ஒன்ன.'
இரண்டு சரணம் கல்வெட்டு.
மூன்றாவதை அங்கேயே நின்று கட்டுவார்.

எண்பத்தொன்பதில் ஒருத்தி ஊற்றுப் பறித்து
கொட்டாங்குச்சியில் மொண்டாள்.
தொண்ணூற்றாறில் அதே ஊற்றில் நுரை
(முன்வரிசையில் மண்டி முதலாளிகள்; கைதட்டல் குறைவு
என்று குறித்திருக்கிறேன்).
அப்புறம் லாரிகள், டயர் எண்ணிக்கையோடு.
அப்புறம் சீமைக்கருவேலம், கிரிக்கெட் ஸ்டம்ப்.
கடைசி ஐந்தாறு வருஷமாக அங்கே சொல்லே இல்லை.
கிதார், நடுவில் ஓர் இருமல்.
மறந்துட்டார் என்பான் நயாஸ்.
மறக்கல, பாட அங்க ஒண்ணும் இல்ல என்பேன்.
இதற்காக ஒரு மாதம் பேசாமல்கூட இருந்திருக்கிறோம்.

அந்தக் கார்த்திகையில் வந்தது தண்ணீர்.
கரைக்குக் கரை, செங்கல் நிறத்தில்,
கட்டில், கன்றுக்குட்டி, வேரோடு ஒரு தென்னை.
சாயங்காலம் கோட்டை மைதானத்தில் கச்சேரி.
பாலத்தை மறித்துவிட்டார்கள்.
அவர் வேன் காட்பாடிப் பக்கம் நின்றது, திரும்பிப்போனது.
நனைந்த நாற்காலிகளை அடுக்கும் பையனிடம்
'முன்பணம் திரும்பி வருமா' என்று யாரோ சண்டை.

சோற்றுப் பையோடு
செல்லியம்மன் கோயில் கரைவரை நடந்தேன்.
ஊரே நின்றது அங்கே, போனை உயர்த்திப் பிடித்தபடி.
பொத்தானை அழுத்தி
நாற்பது நிமிஷம் ஓடவிட்டேன்.

நூற்றுப் பதின்மூன்று.
இடம், தேதி எழுதியாயிற்று.
பாடியவர் என்ற கட்டத்தில் பேனா நின்றது.
மூன்றாவது சரணம் என்ற கட்டத்தில்
'முழுசா' என்று எழுதினேன்.

நயாஸ் ஹெட்போனைக் கழற்றவே இல்லை, கடைசிவரை.
"சுருதி கொஞ்சம் ஏறிக்கீது" என்றான்.
அப்புறம்,
"பன்னெண்டாவது நிமிஷத்துல உன் ஸ்பூன்.
இதுக்கு இன்னா வேணும், சொல்லு."