செங்குத்து

உவர்மலையில் மதில் கட்டுகிறோம்.
நகரசபைத் தாளில் ஒரு சொல்: வெர்ட்டிக்கல்.
பின்னேரம் அகராதியைப் புரட்டினேன்.
லத்தீனில் அதன் வேருக்குத்
திரும்புதல் என்று பொருளாம்.
பிறகு நீர்ச்சுழி. பிறகு
தலையில் மயிர் சுழலும் இடம், உச்சி.
உச்சிக்கு நேரே நிற்பதால்
செங்குத்து.

சும்மா கிடந்த கை
தலைக்குப் போனது.
எனக்கு இரட்டைச் சுழி.
"ரெண்டு கலியாணம்" என்று
சலூன் யோகராசா சிரிப்பான்.
ஒன்றே சரிந்துதான் நிற்கிறது.

காலையில் மேசன் ரபாய்தீன்
தூக்குக்குண்டை இறக்கினார்.
கச்சான் காற்று.
கோணத்தைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில்
நூல் நேராக நிற்க மறுத்தது.
குண்டு இடம் சுற்றியது, வலம் சுற்றியது,
கோணேசர் மலையடியில்
அலை தன்னையே சுற்றுவது மாதிரி.
"பொறுங்க சேர், சுத்தி முடியட்டும்.
சுத்தாம நிண்டா
நூல் எங்கயோ முட்டுது எண்டு அர்த்தம்."

அரை அங்குலம் வெளியே
சாய்ந்திருந்தது மதில்.
நாலு வரிக் கல்லைப் பிரித்தோம்.
மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து
இரண்டு கோப்பையும்
மணல் குவியலில் வைத்தாள்.
ரபாய்தீனிடம் மட்டும் கேட்டாள்,
சீனி காணுமா என்று.