முழங்கை உயரம்

படிவத்தில் மூன்றாவது கட்டம்:
விபத்து நடந்த தேதி.

எர்சிலியா மில்லாலோங்கோ
பேனாவை இடது கையில் பிடித்திருக்கிறாள்.
வலது கை மடியில் கிடக்கிறது,
யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போன பைபோல.

தேதியா?
விழவில்லை. வழுக்கவில்லை. கத்தி பாயவில்லை.
சால்மன் சதையை விரலால் தடவி
முள் தட்டுப்பட்ட இடத்தில் குறடு வைத்து இழுத்தாள்.
அடுத்த மீன்.
மணிக்கட்டு திரும்பியது, அவ்வளவுதான்,
ஆறு குளிர்காலம்.
இப்போது பின்னிரவில் கை மரத்து எழுந்து
வெப்பமானியை உதறுவதுபோல் உதறுகிறாள்.
ஈரத்துணியைப் பிழிய மகனைக் கூப்பிடுகிறாள்.

எறும்பு ஊரக் கல்லும் தேயுமாம்.
எந்த எறும்பு, என்ன கிழமை
என்று கேட்கிறது காப்பீட்டு அலுவலகம்.

நான் இந்த ஆலையின் பட்டை மெக்கானிக்.
கோடையில் மீன் குவிந்தபோது
'கொஞ்சம் வேகம், எவாரிஸ்தோ' என்றார் மேலாளர்.
ஒரு திருகு, அரைச் சுற்று.
என் மணிக்கட்டு ஒரே ஒரு தடவை திரும்பியது.
நோட்டில் கிரீஸ் கறையோடு இருக்கிறது:
பிப்ரவரி பதினேழு, செவ்வாய்.

வாசித்துக் காட்டினேன்.
அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள்.
பிறகு கோணல் எழுத்தில் அதையே எழுதினாள்.

படிவம் திரும்பி வந்தது.

அன்றிரவு அளவுநாடாவோடு போனேன்.
நாற்பத்தொரு பெண்கள், ஒரே உயர மேசை.
டென்மார்க்கில் எந்த நெடியவனுக்கு அளவெடுத்தார்களோ!
குளிர் அறைக் கதவில் ஒவ்வொருத்தியாக நிற்கவைத்து
முழங்கை தொடும் இடத்தில் பென்சில் கோடு போட்டு
பெயர் எழுதினேன்.
சிரித்தார்கள், கல்யாணச் சட்டை தைக்கிறாயா என்று.
குட்டையானவர்களின் காலடிக்கு
மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப் பலகை அறைந்தேன்.
குறடுகளின் தேய்ந்த வாயைத் தீட்டினேன்.
மணிக்கு ஒருமுறை முள்ளிலிருந்து எடைபோடுதலுக்கு,
அங்கிருந்து பெட்டி மடிப்பதற்கு
இடம் மாறச் சொன்னவள் எர்சிலியா,
கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்று.

கடைசியாகத் திருகு.
அரைச் சுற்று, பின்னோக்கி.

காலையில் ஓசை மாறியது மேலாளர் காதுக்குத் தெரிந்துவிட்டது.
வந்தார். பட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
கதவில் இருந்த பெயர்களை வாய்க்குள் படித்தார்.
நான் திருப்புளியைப் பையில் போடவில்லை.
இன்னும் எதுவும் சொல்லவில்லை அவர்.

எர்சிலியா நின்ற இடத்தில்
யாரிட்ஸா நாவுத்தோ நிற்கிறாள், வயது பத்தொன்பது,
கவிழ்த்த பெட்டிமேல், மணிக்கட்டு நேராக.
முள்ளை இழுக்கிறாள். அடுத்த மீன்.
அவளுக்கு இன்று ஒன்றும் நடக்கவில்லை.

நோட்டில் குறித்துவைத்தேன்:
ஒன்றும் நடக்கவில்லை, வியாழன்.