ஏழு மணிக் கப்பல்

தோர்ஷாவ்ன் துறையிலிருந்து காலை ஏழுக்குத்
தெற்குத் தீவுக்குப் புறப்படும் கப்பல்.
இரண்டு மணி நேரம். அலை ஏறினால் இரண்டே கால்.
அதற்குள் ஒரு பயிற்சியாளரை நியமித்து,
நீக்கி,
இன்னொருவரையும் நியமித்துவிடுவார்கள்.

ஊர் இரண்டுபட்டால்
காப்பிக் கடைக்குக் கொண்டாட்டம்.
இந்தக் கப்பலில் காப்பிக் கடை நான்தான்.

ஆறுக்குப் பூஜ்யம்.
தோற்று ஒன்பது நாளாகிறது.
அந்த ஆறு கோலையும் வரிசை பிசகாமல் சொல்வான்
மின்வேலைக்காரன் துரோந்தர்.
நான்காவதற்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வான்.
அது அவன் சித்தி மகனின் காலில் பட்டு உள்ளே போனது.
எங்கள் பரோயே அணியில்
எல்லோருமே யாருக்காவது சித்தி மகன்.

மிச்சம் இருப்பது இரண்டு பெயர்.
ஒருவர் டச்சுக்காரர். நல்ல கோட்டு, நல்ல பல்வரிசை,
எண்பது பக்கத் திட்டம்.
இன்னொருவன் ஹொக்னி,
கிளாக்ஸ்விக் பள்ளியில் கணக்கு வாத்தியார்.

“வெளியாளுக்கு நம் காற்று தெரியாது”
என்கிறார் சால்மன் பண்ணை யாகுப்.
“காற்று எந்த இடத்தில் ஆடுகிறது, மாமா?
இத்தனை வருடம் அதைத்தான் நம்பினோம்.
இரண்டாம் பாதியில்
அது அவர்களுக்கும்தானே வீசுகிறது!”
இரவுப் பணி முடித்த செவிலி மர்யுன்,
கண் சிவந்திருக்கிறாள், குரல் சிவக்கவில்லை.

“ஹொக்னி கத்தமாட்டான்.”
“கத்தாதவன் கோட்டோரம் எதற்கு, கொடிக்கம்பமா?”
“தோல்வியைத் தாங்குவானா? அதைச் சொல்.”

காப்பிக் கோப்பைகள் பதினொன்று மேசைக்கு வந்தன.
நான்கு, நான்கு, இரண்டு. உடைந்த கைப்பிடி கோல் காப்பவர்.
சர்க்கரைப் பொட்டலம் பந்து.
டச்சுக்காரரின் திட்டத்தைத் துரோந்தர் விளக்க ஆரம்பிக்கும்போது
கப்பல் சாய்ந்தது.
தற்காப்பு வரிசை மொத்தமும் வலப்பக்கம் வழுக்கியது.
“பார்! பார்! அன்றைக்கும் இதேதான் நடந்தது!”

யாருக்கும் இங்கே வாக்கு கிடையாது.
கூட்டமைப்பின் மாடி அறையில் ஏழு பேர்
வெள்ளிக்கிழமை முடிவு செய்வார்கள்.
அது தெரிந்துதான் இத்தனை சத்தம்.

யாகுப் தொண்டையைச் செருமினார்.
“ரன்வோ, நீ ஆறு வருடம் அவனோடு வாழ்ந்தவள்.
நீ சொல்லம்மா.”
மூன்று மேசைகள் என் பக்கம் திரும்பின.
பால் கொதிக்கும் சத்தம் பெரிதாகக் கேட்டது.

என்ன சொல்வது?
தோற்ற இரவுகளில் வீட்டுக்கு வந்து
கழுவி வைத்த தட்டுகளையே மறுபடி கழுவுவான்.
கோபம் கிடையாது. தண்ணீர்ச் சத்தம்தான்.
ஒருநாள், ஒரே ஒரு தட்டை அவன் உடைத்திருந்தால்
ஒருவேளை நான் இருந்திருப்பேன்.
இதை ஆட்டக் குறிப்பில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சொன்னது இது:
“ஆளை மாற்றமாட்டான்.
நொண்டினாலும் தொண்ணூறாவது நிமிடம் வரை
நம்பி உள்ளேயே வைத்திருப்பான்.
கடைசியில் நானே கையைத் தூக்கிக்கொண்டு
வெளியே நடந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.
பிறகு மர்யுன்,
“அப்படியானால் டச்சுக்காரர்தான்” என்றாள்.
“அப்படியானால் ஹொக்னிதான்” என்றார் யாகுப்,
மேசையில் தட்டி,
அதே நொடியில்.

துறை வந்தது. வண்டித் தளத்தில்
கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு இன்னும் வாதம்.
பின்னால் நின்ற மீன் லாரி ஒலிப்பானை அழுத்தியே
துரோந்தரை நகர்த்த வேண்டியிருந்தது.

மேசையில் பத்துக் கோப்பைகள்.
ஒன்று நாற்காலிக்கடியில் உருண்டு கிடந்தது,
இடது பின்வரிசை.
எடுத்து அதன் இடத்தில் வைத்தேன்.
ஒரு விரல் அகலம் பின்னே தள்ளினேன். இப்போது சரி.
பிறகு பதினொன்றையும் அள்ளி
எந்திரத்தில் போட்டுக் கழுவினேன்.
ஒரு தடவைதான்.