தடா ஸ்டேஷன், பகல் பதினொன்று

கரண்ட் இல்லை.
ரைட்டர் சுப்பராயுடு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்து
என் மாடியில் குடியிருப்பவரின் பாஸ்போர்ட்டை
வெளிச்சத்தில் சாய்க்கிறார்.
பெயரைத் தெலுங்கில் எழுதி, அடித்து,
"நீயே சொல்லம்மா" என்கிறார்.
நானும் இரண்டு மாதமாய்
'சார்' என்றுதான் கூப்பிடுகிறேன்.

நாடு, தென் கொரியா. வேலை, கம்ப்ரசர் கம்பெனி.
இங்கிருந்து போகுமிடம்?
அவர் என்னைப் பார்க்கிறார்,
மோட்டார் ஓடாத காலையில் பார்ப்பாரே, அப்படி.
கோடு போட்டுவிடுங்கள் என்றேன்.

"ஓனர் சொந்த ஊர்?"
ஆரம்பாக்கம்.
பேனா நிற்கிறது. "அரவமா?"
ஆறு கிலோமீட்டர். பதினெட்டு வருஷம்.
தாலி கட்டி வேனில் ஏற்றி வந்தபோது
ஒருத்தரும் படிவம் நீட்டவில்லை.

தமிழில் கையெழுத்துப் போட்டேன்,
அவர் கொரியனில்.
இரண்டின் மேலும் முத்திரை,
மை பத்தாமல் பாதி.

நாளைக்கு வரணுமாம்,
கரண்ட் பில் ஜெராக்ஸோடு.