கீழ்நூல்

மெஷின் வாங்கியபோது பணம் பாதிப் பாதி.
நாட்களும் அப்படியே:
திங்கள் முதல் புதன் வரை எனக்கு,
வியாழன் முதல் சனி வரை நாத்தனார் ஆர்டிஸுக்கு,
ஞாயிறு கர்த்தருக்கும் எண்ணெய் விடுவதற்கும்.

பன்னிரண்டடிச் சட்டம். எங்கள் கொட்டகையில்
டிராக்டர் நின்ற இடத்தில் நிற்கிறது.
பங்கு போட முடியாமல் போனது ஒன்றுதான்:
பாபின்.

நான் சுற்றியதை வாங்குகிறவள்.
பெட்டிக்கு நூற்று நாற்பத்து நான்கு,
இருபுறமும் காகித வட்டு,
ஒமாஹாவிலிருந்து தபாலில் வரும்.
ஒரே இறுக்கம், ஒரே நீளம்.
பெரிய கட்டில் போர்வைக்கு ஏழு. கணக்கு சுலபம்.
என் பெட்டியில் வெள்ளை மட்டும்தான்.
வேறு நிறம் நான் கேட்பதுமில்லை.

அவள் சுற்றுகிறவள்.
"அடுத்தவர் சுற்றிய நூலில் நான் தைக்க மாட்டேன்" என்பாள்,
அடுத்தவர் பல்துலக்கியைப் பற்றிச் சொல்வதுபோல.
மேலே செங்கல் நிறமென்றால் கீழேயும் செங்கல்.
ஓடும் நூலில் ஒரு விரலை லேசாக வைத்திருப்பாள்,
சூப்பில் உப்புப் பார்க்கிற முகத்தோடு.
தேவாலயத்தில் காபி நேரத்தில் இதை விளக்கி முடிக்க
மூன்று கொலாச்சியாவது ஆகும்.

பிப்ரவரி. செவ்வாய் இரவு.
தீயணைப்புப் படை ஏலத்துக்கான போர்வை,
காலையில் கொடுத்தாக வேண்டும்.
நான்காவது வரிசையில் பாபின் தீர்ந்தது.
பெட்டியைத் திறந்தால் அட்டையின் அடி தெரிகிறது.
பதினொன்று இருந்திருக்க வேண்டும்.
மறுபடியும் எண்ணினேன், ஒன்றுமில்லாததை.

வெளியே பனிப்புயல், நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்.
அலமாரியில் ஆர்டிஸின் காபி டின்.
மூடியில் அவள் கையெழுத்து:
தொடாதே, லவோன்.

தொட்டேன்.

கிரீம் நிறத்தில் ஒன்று. மாட்டி ஓட்டினேன்.
குனிந்து, கைக்கண்ணாடி பிடித்து அடிப்பக்கம் பார்த்தேன்.
நூல் பிடித்தாற்போல் என்பார்களே, அது.
எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு முழம் தைத்திருப்பேன்.
அதே இரைச்சல், ஊசி ஏறி இறங்குகிறது,
மேலே தையல் அழகாகவே விழுகிறது.
கீழே ஒன்றுமில்லை.
நுனியைப் பிடித்து இழுத்தேன்,
முழம் முழுவதும் கையோடு வந்தது
கிறிஸ்துமஸ் விருந்தில் நாங்கள் செய்துகொண்ட சமாதானம் மாதிரி.

பழைய மிச்சத்தின் மேலேயே சுற்றியிருக்கிறாள்.
கிரீமுக்கு அடியில் பச்சை.
ஊரில் எல்லோருக்கும் அவள் சொல்லும் முதல் விதி,
காலி பாபினில் தொடங்கு.

வேறொன்று தேடி டின்னைக் கவிழ்த்தேன்.
அடியில், ரப்பர் வளையம் போட்டு,
இரண்டிரண்டாய் அடுக்கிய காகித வட்டுகள்.
காலி.
பதினொரு ஜோடி.

சிரித்தேனா தெரியவில்லை, நாய் எழுந்து என்னைப் பார்த்தது.
நவம்பரில் கட்டைவிரலுக்குப் பட்டை போட்டிருந்தாள்.
கேட்டதற்குக் குளிர் என்றாள்.
குளிர்தான் என்று நானும் விட்டுவிட்டேன்.

விடியும்வரை நானே சுற்றினேன்.
முதலாவது பஞ்சுபோல் கொழகொழத்தது,
இரண்டாவது ஒரு பக்கம் வீங்கியது,
மூன்றாவதில் விரல் எங்கே இருக்க வேண்டுமென்று
விரலுக்கே தெரிந்தது.

போர்வையின் பின்பக்கம் கொஞ்சம் வெள்ளை,
மிச்சம் கிரீம், நடுவே ஒரு சாண் பச்சை.
ஏலத்தில் எடுத்த மனிதர் திருப்பிப் பார்க்கவில்லை.
ஆர்டர் தாளில் ஒன்று என்பதை அடித்து
இரண்டு பெட்டி என்று எழுதினேன்.
வட்டுகளை இருந்தபடியே வைத்து
மேலே என் பாபின் ஒன்றையும் போட்டு மூடினேன்.

வியாழன் ஆர்டிஸ் வந்தாள்.
டின்னைத் திறந்தாள். அதை எடுத்து நகத்தால் அழுத்தினாள்.
"யாரோ தளர்வாகச் சுற்றியிருக்கிறார்கள்."

"எலியாக இருக்கும்" என்றேன்.