முப்பத்தோராம் வாரம்

எர்ணாவூர் மேம்பாலம் இறங்கியதும் இடப்பக்கம் என் கடை.
வருவதெல்லாம் டிரெய்லர்.
ரீட்ரெட் உரிந்து நாக்காகத் தொங்க
துறைமுகக் கேட் வரை வால் நீட்டி நிற்பவை.

அவற்றுக்கு நடுவே, ஞாயிறு காலை,
முழங்கால் உயரத்தில் ஒரு சிவப்புக் கார்.
இரண்டே சீட்.
இறங்கி நிமிர அவருக்கே கால் நிமிடம் ஆனது.
மண்ணடியில் கிளியரிங் ஏஜென்ட். பெயர் தணிகாசலம்.

"அறுபதைத் தாண்டினா ஸ்டியரிங் தடதடங்குது.
பேலன்ஸ் பாத்து வுட்ருங்க, போதும்."

போதுமா என்பதை டயர் சொல்லட்டும்.
ஜாக்கி போட்டேன்.

ஒரு ரூபாய்க் காசைப் பள்ளத்தில் நட்டுக் காட்டினார்.
"பாருங்க, எவ்ளோ பட்டன் இருக்கு.
ஞாயித்துக்கெழம மட்டும்தான் எடுக்கிறேன்."

நான் நகத்தை ஊன்றினேன்.
நல்ல ரப்பர் நகத்தை வாங்கிக்கொண்டு திருப்பித் தரும்.
இது வாங்கவே இல்லை.
பக்கச் சுவரில், எழுத்துகளின் இடுக்கில்,
பழைய பீங்கான் தட்டின் மயிர்க்கோடுகள்.
உப்புக்காற்றும் அனல்மின் சாம்பலும் வெயிலும்
நிறுத்தி வைத்த வண்டியையும் ஓட்டிக்கொண்டேதான் இருக்கும்.

துணியால் துடைத்தேன். நான்கு எண்கள்:
3115.
பதினைந்தாம் வருஷம், முப்பத்தோராம் வாரம்.
ஆடி மாதம்.
அந்த டிசம்பரில்தான் கடைக்குள் இடுப்பளவு தண்ணீர்,
மிதந்து போன டயர்களைத் தெருத்தெருவாய்ப் பிடித்து வந்தோம்.
அந்த மழைக்கும் மூத்த ரப்பர்.

பிறகு, முன் சக்கரத்தைக் கையால் சுற்றினேன்.
ஓரிடத்தில் உள்ளங்கை ஏமாந்தது.
வட்டத்தில் ஒரு தட்டை.
எதிர்ச் சக்கரத்திலும் அதே.

காற்று மிஞ்சினால் நடு தேயும்.
குறைந்தால் இரண்டு தோளும்.
அலைன்மென்ட் போனால் ஒரு விளிம்பு சுற்றிலும்.
அதெல்லாம் பழக்கம்.
ஓரிடம் மட்டும் தேய்ந்தால், அது ஒரு நொடி.

ஏபிஎஸ் இல்லாத காலத்து வண்டி.
மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்,
கார் மட்டும் போகும்.

"இன்னா வந்துச்சு குறுக்க?"
காசை விரலிடுக்கில் உருட்டினார்.
"நாய்."

நாய் என்றால் நாய்.
பில்லில் எழுத எனக்கு வேண்டியது சைஸ்தான்.

மூன்றாவது நட்டைக் கழற்றும்போது அவராகவே சொன்னார்.
எக்ஸ்பிரஸ் ரோடு, கே.வி.கே. குப்பம் தாண்டி, விடிகாலை.
தோளில் ஐஸ் பெட்டி வைத்து ஒரு பையன்.
பெட்டி மறைத்த பக்கத்தில் இவர்.
வண்டி போய்க்கொண்டே இருந்ததாம்.
நின்றபோது பம்பருக்கும் அவனுக்கும் நடுவில்
"இவ்ளோதான்" என்று
என் கையிலிருந்த ஸ்பேனரைக் காட்டினார்.
"கண்ணு இன்னா பொடனிலயா கீது?" என்று கேட்டுவிட்டு
பையன் பெட்டியோடு போய்விட்டான்.

"முன்ன ரெண்டு மட்டும் மாத்திடுங்க."

பின்னாடி ரெண்டும் அதே ஆடி மாசம் சார்.
முன்னாடி பிடிக்கும், பின்னாடி வழுக்கும்.
வளைவில் வண்டியின் வால் முன்னால் வந்து
உங்கள் முகத்தைப் பார்க்கும்.
நாலு.

விலை சொன்னேன்.
டிரெய்லர்கள் போவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
குனிந்து ஸ்பேனரை எடுத்தார்,
எடை பார்ப்பவர் போல வைத்திருந்து, கீழே வைத்தார்.
அட்வான்ஸ் கொடுத்தார்.
டயர் வர மூன்று நாள்.
ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக இடுக்கி உட்கார்ந்து போனார்.

படகின் விலாவில் கட்டத் தேசப்பன் டயர் கேட்டிருந்தான்.
பின் இரண்டைக் காசிமேட்டுக்கு எடுத்துப் போனான்,
"இன்னாக்கா, உடம்பே இல்ல" என்று சலித்தபடி.
முன் இரண்டும் கடை வாசலில் கிடக்கின்றன.
கொசுவுக்குக் கார்ப்பரேஷன் அபராதம் போடும் என்று
ஓட்டை போட்டு வைத்திருக்கிறேன்.

நேற்று ஒரு மீன்பாடி வண்டிக்காரர்
பட்டனைத் தடவிப் பார்த்துக் கேட்டார்:
"புத்சாட்டம் கீதே. ஓடுமாக்கா?"

ஓடும், என்றேன்.
நிக்காது.