அரை வேகத்தில்

தண்டர் பேயில் பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தேழு.
கோட்டு அலமாரிக்குள் நாற்காலி போட்டுக்
கதவைச் சாத்திக்கொள்கிறேன்.
எதிரொலிக்காத இடம் இந்த வீட்டில் இது ஒன்றுதான்.
மடியில் கணினி,
காதருகே கணவரின் பனிக்கோட்டு,
அதன் பையில் போன வருடத்துப் பார்க்கிங் சீட்டு.
'காலை வணக்கம்' என்கிறேன், இரவு பதினொன்றுக்கு.
அவர்கள் எப்போது கேட்பார்கள் என்று யார் கண்டது.

அறுபத்து நான்கு மாணவர்கள்.
டிம்மின்ஸ், கெனோரா, சூ லுக்கவுட்,
இன்னும் பெயர்ப்பலகை பனிக்குள் புதைந்த ஊர்கள்.
வகுப்பறை என்றால் கொட்டாவி தெரியும்.
பின்வரிசையில் ஒரு நெற்றி சுருங்கினால்
வால்வை மறுபடி வரைவேன்.
இங்கே தெரிவது ஒரு வரைபடம்:
எந்த நிமிடத்தில் எத்தனை பேர் கழன்றுகொண்டார்கள்,
என்ன வேகத்தில் ஓட்டினார்கள்.
சராசரி ஒன்றேமுக்கால் மடங்கு.
அந்த வேகத்தில் என்னை ஒருநாள் ஓட்டிப் பார்த்தேன்.
அடுப்பில் பால் பொங்குவதைப் பார்த்தபடி
தொலைபேசியை வைக்கத் தவிக்கிறவள்போல் இருந்தேன்.

ஐந்தாம் பாடம், இதய ஒலிகள்.
இயல்பான ஒலிக்கு ஒரு மாதிரி வேண்டியிருந்தது.
அலமாரிக்குள் நான் ஒருத்திதான் இருந்தேன்.
மின்னணு ஸ்டெதஸ்கோப்பை ஸ்வெட்டருக்கு அடியில் நுழைத்து
மூச்சடக்கிப் பதிந்தேன்.
'லப், டப். நடுவில் எதுவும் இல்லை.
இதுதான் இயல்பு, மனப்பாடம் செய்யுங்கள்' என்றேன்.
செய்தார்கள்,
அறுபத்து மூன்று பேர்.

ஐலா கோஸ்கியின் ஊரில் இணையம் பகலில் தவழும்.
இருட்டிய பின் நூலக வாசலில் காரை நிறுத்தி
ஹீட்டரைப் போட்டுக்கொண்டு
பாடத்தைத் தரவிறக்குவாள்.
ஒலிகளை மட்டும் அரை வேகத்தில் கேட்பாளாம்.
ஏன் என்று பிறகு கேட்டேன்.
'பள்ளியில் டிரம்ஸ் வாசித்தேன்.
அடுத்தவர் தாளத்தைத் திருட வேறு வழியில்லை.'

மின்னஞ்சல் பணிவாகத்தான் வந்தது.
'டாக்டர் நகுலா, பதினான்காம் நிமிடம்.
லப்புக்கும் டப்புக்கும் நடுவே ஒரு சின்ன டிக்.
எங்களைச் சோதிக்க வைத்தீர்களா?
ஈரிதழ் வால்வின் பிதுக்கம், சரியா?'
கீழே ஒரு சிரிப்பு முகம்.

முதலில் மைக்கைச் சந்தேகித்தேன்.
அப்புறம் கோட்டின் ஜிப்பை.
எந்த ஜிப்பும் துடிப்புக்குத் துடிப்பு
அதே இடத்தில் தட்டாது, தெரியும்.
தெரிந்தே இரண்டு நாள் அதன்மேல் பழி போட்டேன்.
இருபத்திரண்டு வருடம்
பிறர் மார்பில் காது வைத்தவள்.
என் மார்பை இத்தனை மெதுவாக
யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

எக்கோ அறையில் இடப்பக்கம் ஒருக்களித்துத்
திரையைப் பார்த்தேன்.
ஒரு இதழ் மட்டும்
காற்றுப் பிடித்த பாய்போல்
மேலறைப் பக்கம் உப்பித் திரும்பியது.
கசிவு துளிதான். மருந்து வேண்டாம்.
'கிட்டத்தட்ட இயல்பு' என்றார் பிரெண்டன்.
இந்தக் கிட்டத்தட்டவை
எத்தனை பேர் கையில் கொடுத்து
வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அன்றிரவு கணவரை அலமாரிக்குள் கூப்பிட்டேன்.
ஒரு நாற்காலி, இரண்டு முழங்கால் அதிகம்.
மூச்சை அடக்கச் சொன்னால் சிரித்துவிடுகிறார்.
நான்காம் முறை பதிவானது.
அரை வேகத்தில் போட்டேன்.
லப்.
அதற்குப் பிறகு ஒன்றும் இல்லாத
ஒரு நீண்ட இடம்.
'சரியாக இருக்கிறேனா?' என்றார், கோட்டுகளுக்கு நடுவிலிருந்து.

மாணவர்களுக்கு எழுதினேன்:
'பாடம் ஐந்தில் திருத்தம்.
பழைய ஒலி இயல்பு அல்ல. அது நான்.
இரண்டையும் வைத்திருக்கிறேன், ஒப்பிட்டுக் கேளுங்கள்.
கண்டுபிடித்தவர் ஐலா.'

மறுநாள் வரைபடத்தில் பதினான்காம் நிமிடம்
மலைபோல் எழுந்து நின்றது.
வேகம் பாதி, பாதி, பாதி.
ஒருவன் மட்டும் இன்னும் இரண்டு மடங்கில்.
போகட்டும்,
அவன் அறுவை சிகிச்சைக்குப் போவான்.